சும்மாதான் சொன்னேன்...

வேதாகமம் வாசிக்கிற வீடுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நீதிமொழிகள் புத்தகத்தில் மொத்தம் 31 அதிகாரங்கள். மாதத்துக்கு அதிகபட்சம் 31 நாட்கள். அதனால் தேதிக்கு ஒரு அதிகாரம் என்று வாசித்துக்கொண்டே போனால் மாதம் முடிகிறபோது புத்தகமும் முடிந்துவிடும். (30 நாள் மாதங்களில் குணசாலியான மனைவியைப் பற்றிய கடைசி அதிகாரம் விட்டுப்போகும். வீட்டம்மாக்கள் மன்னிக்க :-) ) எங்க வீட்டிலும் இதே வழக்கம்தான்.

இதில் 26ஆம் தேதி வருகிற அதிகாரம் இருக்கிறதே, அது நம்ம தெருத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினது மாதிரியே இருக்கும். கோள், வம்பு, வெளியே இனிக்க இனிக்கப் பேசி உள்ளே வேறொன்றை வைத்திருப்பது எல்லாம் வரிசையாக வரும். தனக்குச் சம்பந்தமில்லாத சண்டையில் தலையைக் கொடுப்பவன், தெருவோடு போகிற நாயின் காதைப் பிடித்து இழுப்பவன் மாதிரி என்று ஒரு உவமை. சிரிக்காமல் வாசிக்க முடியாது.

ஆனால் அதற்கு அடுத்தாற்போலவே வருவது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை. ஒரு பைத்தியக்காரன் எரிகிற கொள்ளிக்கட்டையையும் அம்பையும் கண்டபடி வீசிக்கொண்டு வருகிறான். யார் மேல் விழும் என்று அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவனை ஏமாற்றிவிட்டு, கேட்டால் 'விளையாட்டுக்குத்தானே செய்தேன்' என்கிறானே, அவனும் இந்தப் பைத்தியக்காரனும் ஒன்று என்கிறார் எழுதினவர். அவ்வளவுதான். விளக்கம் கிடையாது.

இந்த 'விளையாட்டுக்குத்தானே' என்பதற்கு நம்ம ஊரில் இன்னும் சின்னதாக, இன்னும் வசதியாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். 'சும்மா.'

எதற்கெல்லாம் இந்த 'சும்மா' பயன்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். 'எங்க இந்தப் பக்கம்?' 'சும்மாதான்.' 'எவ்வளவுக்கு வாங்கின?' 'சும்மா கொடுத்தான்.' அதெல்லாம் வம்பில்லாத சும்மா. ஆனால் ஒருத்தரைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லி, அது போய் எங்கேயோ வெடித்து, ஆள் வந்து 'ஏங்க அப்படிச் சொன்னீங்க?' என்று கேட்கும்போது வருகிற 'சும்மாதாங்க சொன்னேன்' வேறு ஜாதி. அதற்கு அர்த்தம், 'என் மனசில் கெட்ட எண்ணம் இல்லை, அதனால் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை' என்பது. நம்மில் பலருக்கு இது நியாயமான வாதமாகத்தான் தெரிகிறது. வேதாகமம் இந்த வாதத்தை ஏற்பதில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது மொத்தமும் அதுதான்.

முதலில் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 2012 டிசம்பரில் நடந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஆஸ்திரேலிய வானொலி ஒன்றின் தொகுப்பாளர்கள் இரண்டு பேர், லண்டனில் ஒரு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார்கள். இளவரசர் வில்லியமின் மனைவி கேட் கர்ப்பமாகி அங்கே சிகிச்சையில் இருந்த நேரம். எலிசபெத் ராணி மாதிரியும் சார்லஸ் மாதிரியும் குரலை மாற்றிப் பேசினார்கள். விடியற்காலை நேரம். போனை எடுத்த நர்ஸ் நிஜம் என்று நம்பி வார்டுக்கு இணைப்பு கொடுத்துவிட்டார். ஒலிபரப்பினார்கள், உலகமே கேட்டுச் சிரித்தது. மூன்றாவது நாள் அந்த நர்ஸ் இறந்துகிடந்தார். தற்கொலை. கர்நாடகத்தைச் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

ஒரு மனுஷி அந்த முடிவுக்குப் போனதற்கு இதுதான் ஒரே காரணம் என்று வெளியே இருக்கிற நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தத் தொகுப்பாளர்களும் ராட்சசர்கள் இல்லை. பிறகு தொலைக்காட்சியில் வந்து அழுதார்கள். போனை உடனே வைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம் என்றார்கள். நம்புகிறேன். நிஜமாகவே விளையாட்டுக்குத்தான் செய்தார்கள். கொள்ளிக்கட்டையை வீசுகிறவனுக்கும் ஆள் பார்த்து அடிக்கிற பகை இருந்தது என்று அந்த உவமை சொல்லவே இல்லையே. அவன் வீசினான். அது யார் கூரையில் விழும் என்று பார்க்கவில்லை.

அடுத்தது 'சும்மா'. மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு பயங்கரமான விஷயம் சொல்கிறார். மனிதர் பேசுகிற ஒவ்வொரு வீண் வார்த்தைக்கும் கடைசியில் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறார். பொய் வார்த்தை என்றில்லை, சாபம் என்றில்லை. வீண் வார்த்தை! சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டபோது, இதென்ன அநியாயம், சும்மா பேசுவதற்குக்கூடவா கணக்கு என்று நினைத்ததுண்டு.

பிறகு ஒரு விளக்கவுரையில் பார்த்தேன். அங்கே 'வீண்' என்று தமிழில் வந்திருக்கிற இடத்தில் மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல் 'ஆர்கோஸ்'. நேர் அர்த்தம் 'வேலை இல்லாதது, வேலை செய்யாதது'. இதே சொல் இதே மத்தேயுவில் 20ஆம் அதிகாரத்திலும் வருகிறது. திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் தேடிப் போகிற வீட்டுக்காரன், கடைத்தெருவில் வேலை இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறவர்களைப் பார்க்கிறான் அல்லவா, அவர்களைச் சொல்லுகிற சொல் அதுதான். நம்ம தமிழ் வேதாகமத்தில் அவர்கள் 'சும்மா' நிற்கிறார்கள்!

ஆக கணக்குக் கேட்கப்படப் போவது எதற்கு என்றால், நாம் 'சும்மா' சொன்னதற்குத்தான். எது நமக்குத் தப்பிக்கிற வழியோ அதுவே அங்கே குற்றப்பத்திரிகை. எனக்கு இது பிடிபட்டபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

இதனால் சிரிப்பு, அரட்டை, நகைச்சுவை எல்லாம் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நாலு பேர் உட்கார்ந்து சிரித்துப் பேசுவது வேலை இல்லாத பேச்சு ஆகாது. அது மனசுக்கு மருந்து, அதுவும் நீதிமொழிகளில் இருக்கிறது. எந்த வேலையும் இல்லாமல் வாயிலிருந்து கிளம்பி, போகிற இடத்தில் தானாக ஒரு வேலையைத் தேடிக்கொள்கிற பேச்சைத்தான் சொல்கிறேன்.

நம்ம அன்றாடத்தை எடுத்துக்கொள்வோமே. தையல்கடைக்குப் போனால் 'தைச்சாச்சு சார், காஜா மட்டும்தான் பாக்கி' என்பார். துணி இன்னும் வெட்டவே இல்லை என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். 'எங்கப்பா இருக்க?' என்று போன் வந்தால் 'கிளம்பிட்டேன், வழியில இருக்கேன்' என்பது. பின்னால் பாத்ரூமில் பக்கெட் நிரம்புகிற சத்தம் கேட்கும். சந்தையில் பொருளை எடுத்துப் பார்த்து 'சீ, சொத்தை, இதுக்கா இந்த விலை' என்று உதட்டைப் பிதுக்குவது, குறைத்து வாங்கினபிறகு வீட்டுக்கு வந்து 'பார்த்தியா எவ்வளவு சல்லிசா அடிச்சேன்' என்று பெருமை பேசுவது. இந்தக் கடைசி ஆள் நீதிமொழிகள் 20ஆம் அதிகாரத்தில் அப்படியே நிற்கிறார். மூவாயிரம் வருஷம் ஆகியும் பேரம் பேசுகிறவன் மாறவில்லை!

இதெல்லாம் சின்ன விஷயம், இதையெல்லாம் பொய் என்று பார்த்தால் வாழ முடியுமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம்ம வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், ஒருவருக்கும் குற்றமில்லாத நன்மை விளைகிற இடத்தில் பொய்க்கும் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார். வேதாகமத்திலும் இல்லாமல் இல்லை. எகிப்தில் பிறக்கிற ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவிடம் மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் சாக்குச் சொல்லிக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். எரிகோவில் ராகாப், ஒளித்துவைத்த ஆட்களைக் கேட்டு வந்தவர்களை வேறு பக்கம் அனுப்பினாள். இந்தப் பெண்களை வேதாகமம் எங்கேயும் திட்டவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து வேறொருவர் உயிருக்காகப் பேசினார்கள். நம்ம பொய்களில் நூற்றுக்குத் தொண்ணூறு நம்ம மரியாதைக்காக, நம்ம சோம்பேறித்தனத்துக்காக, அந்த நிமிஷத்துச் சங்கடத்திலிருந்து தப்பிக்க. விலையை வேறொருத்தர் கொடுப்பார். 'அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு' என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறோம். கடன்காரர் திரும்பிப் போய்விடுவார். பிள்ளை திரும்பி வீட்டுக்குள்தான் வருகிறது, ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டு.

சின்னப் பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேதாகமத்தில் ஒரு கதை உண்டு. பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடியாது. 1 சாமுவேல் 21, 22 அதிகாரங்கள். சவுல் ராஜாவுக்குப் பயந்து தாவீது தனியாக ஓடிவருகிறான். நோபு என்கிற ஊரில் அகிமெலேக்கு என்கிற ஆசாரியரிடம் போகிறான். 'ஏன் தனியா வந்திருக்கே?' என்று அவர் நடுங்கிப்போய்க் கேட்கிறார். 'ராஜா ஒரு ரகசிய வேலையா அனுப்பியிருக்கார்' என்று தாவீது ஒரு பொய் சொல்கிறான். பசி, பயம், அவசரம். யாருக்கும் கெடுதல் செய்யும் நோக்கமே கிடையாது. அவர் நம்பி அப்பம் கொடுக்கிறார், அங்கே வைத்திருந்த கோலியாத்தின் பட்டயத்தையும் கொடுக்கிறார்.

இதைத் தோவேக்கு என்று ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். சவுலின் மேய்ப்பர்களுக்குத் தலைவன். பிறகு ஒரு நாள் சவுல், 'யாரும் எனக்கு எதையும் சொல்றதில்ல' என்று புலம்பும்போது இவன் வாயைத் திறக்கிறான். நான் பார்த்தேன், தாவீது வந்தான், அகிமெலேக்கு சாப்பாடு கொடுத்தார், பட்டயம் கொடுத்தார். அவன் சொன்னதில் பெரும்பகுதி நடந்ததுதான். ஆனால் அந்த ஆசாரியர் ஏமாற்றப்பட்டுத்தான் கொடுத்தார் என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அகிமெலேக்கு வந்து தன் நியாயத்தைச் சொல்கிறார், சவுல் காதில் ஏறவில்லை. அன்றைக்கு 85 ஆசாரியர்கள் வெட்டப்பட்டார்கள். பிறகு அந்த ஊரே. பெண்கள், கைக்குழந்தைகள், ஆடுமாடுகள் வரை.

தப்பி ஓடிவந்த ஒரே மகன் அபியத்தார், தாவீதிடம் வந்து நடந்ததைச் சொல்கிறான். தாவீது 'நான் சும்மா ஒரு அவசரத்துக்குத்தானே சொன்னேன்' என்று சொல்லவில்லை. தோவேக்கு அங்கே நின்றதை அன்றைக்கே பார்த்தேன், உன் தகப்பன் வீட்டாரின் சாவுக்கு நானே காரணம் என்று ஒத்துக்கொண்டு, அந்தப் பையனைத் தன்னோடு வைத்துப் பாதுகாக்கிறான். கொன்றது சவுலின் உத்தரவு, வெட்டியது தோவேக்கின் கை. ஆனாலும் பழியில் தன் பங்கை அவன் எடுத்துக்கொள்கிறான்.

யூத ரபிமார்கள் இதை ரொம்ப யோசித்திருக்கிறார்கள். 'லஷோன் ஹரா' என்பார்கள், கெட்ட நாக்கு என்று அர்த்தம். பொய்யை மட்டும் சொல்வதில்லை அது. உண்மையாகவே இருந்தாலும் ஒருத்தரைக் கெடுக்கிற பேச்சு எல்லாம் அதில் அடங்கும். அது மூன்று பேரைக் கொல்லும் என்பது அவர்கள் கணக்கு: பேசுகிறவர், கேட்கிறவர், யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்.

பேசுகிறவரைப் பார்த்தோம். பேச்சைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பற்றி அந்த 26ஆம் அதிகாரமே சொல்கிறது. விறகு இல்லையென்றால் அடுப்பு அணைந்துவிடும், கோள் சொல்கிறவன் இல்லையென்றால் சண்டை அடங்கிவிடும். நெருப்பைப் பற்றவைத்தவனைப் பற்றி இங்கே பேச்சே இல்லை பாருங்கள். விறகு போடுகிறவனைப் பற்றித்தான்.

இன்றைக்கு விறகு போடுவதற்கு எழுந்து நடக்கக்கூட வேண்டாம். கட்டைவிரல் போதும். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்ததை மறக்க முடியுமா? குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம். வழியில் நிறுத்திய இடத்தில் அந்த 65 வயது அம்மா, அங்கே இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் அப்போது செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார், கூட வந்தவர்களுக்குப் படுகாயம். அதே வருஷம் இப்படி நாட்டின் பல இடங்களில் நடந்தது. ஜூலையில் வாட்ஸப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் எத்தனை பேர் ஒரு பாட்டியைக் கொல்ல நினைத்தார்கள்? ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். 'எதுக்கும் எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கட்டுமேன்னுதான்' அனுப்பினார்கள். கீழே 'ஃபார்வர்டட் அஸ் ரிசீவ்டு' என்று ஒரு வரி வேறு. 'வந்தது, அனுப்பினேன், நான் பொறுப்பில்லை.' நம்ம 'சும்மாதான் சொன்னேன்' இங்கிலீஷ் படித்துவிட்டு வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது ஆள் கேட்கிறவர். இவரை நாம் குற்றவாளியாகவே நினைப்பதில்லை. 'அவங்க சொன்னாங்க, நான் கேட்டேன், அவ்ளோதான்.' ஒரு தரப்பை மட்டும் கேட்டால் அவர் சொல்வதுதான் நியாயமாகத் தெரியும், எதிராளி வந்து கேள்வி கேட்கிற வரைக்கும். இது நீதிமொழிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிற அனுபவப் பாடம்.

இதிலும் தாவீதுதான் மாட்டுகிறான். தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து எருசலேமை விட்டு ஓடும் நேரம். சிநேகிதன் யோனத்தானுடைய ஊனமுற்ற மகன் மேவிபோசேத், தாவீதின் பந்தியில் சாப்பிட்டு வாழ்ந்தவன். அவனுடைய வேலைக்காரன் சீபா, கழுதைகளில் அப்பமும் பழங்களும் ஏற்றிக்கொண்டு வழியில் வந்து நிற்கிறான். 'உன் எஜமான் எங்கே?' 'ராஜ்யம் தனக்கே திரும்பி வரும்னு எருசலேமிலேயே இருந்துட்டார்.' தாவீது வேறு யாரையும் கேட்கவில்லை. மேவிபோசேத்தின் சொத்து முழுவதும் உனக்கே என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். பிறகு ராஜா திரும்பி வரும்போது, தாடியைத் திருத்தாமல் துணி வெளுக்காமல் துக்கத்தோடு மேவிபோசேத் எதிரே வருகிறான். வேலைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டுப் பழியும் சொன்னான் என்கிறான். அப்போதும் தாவீது முழுசாகத் திருத்தவில்லை, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டான். காதில் முதலில் விழுந்த பேச்சுக்கு அவ்வளவு பலம். பொய் என்று தெரிந்தாலும் பாதி அங்கேயே தங்கிவிடுகிறது.

நம்ம ஊரில் இந்த மூன்று பேரும் ஒரே இடத்தில் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. கல்யாண விசாரிப்பு.

எங்கள் பகுதியில் ஒரு பெண். நல்ல வேலை, நல்ல குடும்பம். வரன் ஒன்று தகைந்து வந்து, பூ வைக்கிற தேதி பேசுகிற அளவுக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் வழக்கம்போலத் தெருவில் விசாரித்தார்கள். ஒரு பெரியவர், தங்கமான மனிதர், யாருக்கும் கஷ்டம் என்றால் முதலில் போய் நிற்பவர், 'பொண்ணு நல்ல பொண்ணுதான்...' என்று சொல்லி ஒரு நொடி நிறுத்தி, 'ஆனா, எதுக்கும் நீங்க நல்லா விசாரிச்சுக்கோங்க' என்றார். அவ்வளவுதான் சொன்னது. அவர் மனசில் இருந்தது என்னவென்று பார்த்தால், அந்தப் பெண் ராத்திரி பத்து, பதினொரு மணிக்குக் காரில் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறார். அது கம்பெனி வண்டி. ஷிஃப்ட் முடிந்து ஆறேழு பேரை வரிசையாக இறக்கிவிட்டுப் போகிற வண்டி.

அந்த வரன் நின்றுபோனது. காரணம் சொல்லவில்லை. ஆறு மாசம் கழித்துத் தரகர் மூலமாகத்தான் தெரிந்தது. பெண்ணின் அப்பா போய்க் கேட்டபோது பெரியவர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். 'நான் தப்பா ஒரு வார்த்தை சொல்லலியேப்பா. விசாரிச்சுக்கோங்கன்னு சும்மாதானே சொன்னேன்!' உண்மைதான். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்த 'ஆனா'வும் அதற்குப் பின்னால் வந்த மௌனமும்தான் பொய்.

சரி, அப்படியென்றால் யார் என்ன கேட்டாலும் 'ரொம்ப நல்லவங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா? அதுவும் ஏமாற்றுதான். பையன் குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறான் என்று கண்ணால் பார்த்தவர், 'நமக்கெதுக்கு வம்பு' என்று வாயை மூடிக்கொண்டு ஒரு பெண்ணைப் படுகுழியில் தள்ளின கதைகளும் நமக்குத் தெரியும். லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் கோள் சொல்லித் திரியாதே என்கிற அதே வசனத்திலேயே, பிறனுடைய இரத்தப் பழிக்கு ஆளாகாதே என்பதும் வருகிறது. அயலானுக்கு ஆபத்து என்றால் கைகட்டி வேடிக்கை பார்க்காதே என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பேசாதே, பேசாமலும் இருக்காதே! முரண்பாடு மாதிரித் தெரியும். இல்லை. தெரிந்ததை, யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு, முழுசாகச் சொல். தெரியாததைச் சொல்லாதே. அந்தப் பெரியவர் 'ராத்திரி கம்பெனி வண்டியில வருவாங்க, வேலை அப்படி' என்று முழுசாகச் சொல்லியிருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. பாதியில் நிறுத்தினதுதான் வினை.

அதே லேவியராகமம் 19இல் இன்னொரு கட்டளை இருக்கிறது. காது கேளாதவரைத் திட்டாதே. அவருக்குத்தான் கேட்காதே, அவர் மனசு எப்படிப் புண்படும் என்று தோன்றும். அவரால் பதில் சொல்ல முடியாது, அதனால்தான். யோசித்தால், அந்த இடத்தில் இல்லாத எவரும் அந்த நேரத்துக்குக் காது கேளாதவர்தானே. முதுகுக்குப் பின்னால் பேசும்போது ஊரில் எல்லாரையும் செவிடாக்கித்தான் பேசுகிறோம்.

இதையெல்லாம் வைத்து நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வரைக்கும் சில சின்ன விஷயங்கள்தான்.

ஒருத்தரைப் பற்றிப் பேசும்போது 'ஆனா' வந்தால் அங்கே ஒரு மூச்சு நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் வரப்போவது பார்த்ததா, கேட்டதா, ஊகித்ததா? ஊகம் என்றால் 'ஆனா'வையே விட்டுவிடலாம்.

'இன்னும் கிளம்பல, அரை மணி நேரம் ஆகும்' என்று சொல்லிப் பாருங்கள். திட்டு விழும். ஆனால் அடுத்த தடவை 'வந்துட்டேன்' என்றால் அவர் நம்பிக் கதவைத் திறந்து வைப்பார். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று மலைப்பிரசங்கத்தில் சொல்லியிருப்பதற்கு எனக்குத் தெரிந்த எளிமையான செயல்முறை இதுதான். சத்தியம் பண்ணி நம்பவைக்க வேண்டிய நிலையே வராது.

யாராவது வந்து ஒருத்தரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், 'இதை அவர்கிட்டயே கேட்டீங்களா?' என்று ஒரு கேள்வி. சண்டையாகக் கேட்க வேண்டாம், சாதாரணமாகக் கேட்டால் போதும். பாதி வம்பு அங்கேயே செத்துப்போகும். விறகு இல்லாத அடுப்பு.

கடைசியாக ஒன்று. பேச்சு போய்விட்டது, இனி என்ன செய்ய என்பவர்களுக்கு லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பிறனை ஏமாற்றி எதையாவது எடுத்துக்கொண்டவன், முதலை முழுசாகத் திருப்பிக் கொடுத்து அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் பலி, பாவநிவிர்த்தி எல்லாம். முதலில் பறிகொடுத்தவனுக்கு, பிறகுதான் கடவுளுக்கு. பொருளுக்குச் சொன்ன சட்டம்தான். ஆனால் ஒருத்தருடைய நல்ல பெயரும் பொருள்தானே? தாவீது மாதிரிப் பாதி திருப்பிக் கொடுத்தால் போதாது. பத்துப் பேரிடம் சொன்னது தப்பு என்று தெரிந்தால், அந்தப் பத்துப் பேரிடமும் போய் 'நான் சொன்னது தப்பு' என்று சொல்லிவிட்டு, மேலே இன்னும் இரண்டு பேரிடம் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரவேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு. கணக்கு அப்படித்தான் வருகிறது.

அந்தப் பெரியவர் பிறகு இதைத்தான் செய்தார். தானே பஸ் ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், நான் பார்த்தது கம்பெனி வண்டி, நான் பாதி சொன்னது என் தப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. ஆனாலும் போனார் பாருங்கள், எழுபது வயதுக்கு மேல். தெருவில் அந்த வண்டியைப் பற்றி யார் ஜாடையாகப் பேசினாலும், முதலில் குரல் கொடுத்து நிறுத்துவதும் இப்போது அவர்தான்.

உங்க பக்கத்தில் இப்படி ஒரு 'ஆனா' கெடுத்த காரியமோ, நேரம் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை காப்பாற்றின காரியமோ இருந்தால் சொல்லுங்கள். ஊர், பேர் மட்டும் வேண்டாம் :-)